வீட்டுக் கடன் யாரிடம் வாங்குவது? வங்கி, வீட்டு வசதி நிதி நிறுவனம், பைனான்ஸ், தனியார் வட்டி: ஓர் ஒப்பீடு

வங்கியில் கேட்டால் "பிளாட்டுக்கு அப்ரூவல் இல்லை" என்கிறார்கள். பைனான்ஸ் நிறுவனத்தில் ஒரு வாரத்தில் பணம் தருகிறார்கள், ஆனால் வட்டி அதிகம். தெரிந்தவர் ஒருவர் இரண்டு வட்டிக்குத் தருவதாகச் சொல்கிறார். "பத்திரத்தை என் பேருக்கு எழுதிக் கொடு, பணம் கட்டி முடிச்சதும் திருப்பி எழுதித் தர்றேன்" என்பதுதான் அவருடைய நிபந்தனை. வீடு வாங்கவோ கட்டவோ கிளம்பும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பல இந்த முச்சந்தியில்தான் வந்து நிற்கின்றன. முன்பணம் கொடுத்துக் கிரய ஒப்பந்தமும் போட்டாகிவிட்டது. மூன்று மாதக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அவசரத்தில் எடுக்கும் முடிவு இருபது வருடம் கூடவே வரும்.

நான்கு வழிகளையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். இவற்றைத் தவிர ஐந்தாவதாக ஒரு வழியும் இருக்கிறது. அதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

## முதலில் அளவுகோல்

கடன் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது வட்டி எவ்வளவு என்பதைத்தான். அது கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் முதல் கேள்வி அதுவல்ல. இந்தக் கடனிலிருந்து எப்படி வெளியே வருவேன்? என்பதே முதல் கேள்வி. கையில் பணம் வந்தால் அபராதமில்லாமல் அடைக்க முடியுமா? வட்டி குறைவான இடத்துக்கு மாற்ற முடியுமா? அடைத்து முடித்ததும் பத்திரம் தானாகத் திரும்பி வருமா, அல்லது கொடுத்தவரின் மனதைப் பொறுத்ததா? வட்டி கூடுதலாக இருந்தாலும் வெளியேறும் வழி திறந்திருந்தால் அந்தக் கடனை இரண்டு வருடத்தில் சரிசெய்துவிடலாம். வழி அடைபட்டிருந்தால் வட்டி குறைவாக இருந்தும் பயனில்லை.

அடுத்தது மொத்தச் செலவு. பிராசஸிங் கட்டணம், லீகல் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், தலையில் கட்டும் காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்த வருடாந்திர விகிதத்தைப் பாருங்கள். 2024 அக்டோபர் 1 முதல் வங்கியானாலும் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிதி நிறுவனமானாலும் புதிய கடனுக்குக் கேஎஃப்எஸ் எனப்படும் முக்கிய விவரத் தாளைக் கொடுத்தே ஆக வேண்டும். ஏபிஆர் என்ற பெயரில் அந்த மொத்த விகிதம் அதில் இருக்கும். உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பதும் விதி, எனவே தமிழில் கேளுங்கள். நீண்டகாலக் கடனுக்கு அந்தத் தாளில் உள்ள நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். "இன்னைக்கே கையெழுத்துப் போட்டாத்தான் இந்த ரேட்" என்று யாராவது அவசரப்படுத்தினால் அந்த அவசரம் விதியில் இல்லாதது. தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்கவும் முடியாது.

மூன்றாவது, தவணை தவறினால் என்ன நடக்கும் என்பது. நோட்டீஸ் வருமா, எத்தனை நாள் அவகாசம், எங்கே முறையிடலாம்?

நான்காவது, உங்கள் ஆவணமும் வருமானமும் அந்த இடத்தில் எடுபடுமா என்பது. வங்கி மறுப்பதற்குக் காரணம் வருமானம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பல நேரம் காரணம் பத்திரத்தில் இருக்கும்: தாய்ப்பத்திரம் இல்லை, பட்டா இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறது, வாரிசுகளில் ஒருவர் கையெழுத்துப் போடவில்லை, மனைக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அப்ரூவல் இல்லை. காரணம் எது என்று தெரியாமலே வட்டி கூடிய இடத்துக்கு ஓடுவதுதான் முதல் சறுக்கல்.

## வணிக வங்கி

2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன் எல்லாம் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி விகிதம்) போன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. ரிசர்வ் வங்கி ரெப்போவைக் குறைத்தால் அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள் உங்கள் வட்டியிலும் அது தெரிய வேண்டும். ஏறினாலும் அப்படியே ஏறும். இந்தப் பிணைப்பு வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கும் பைனான்ஸ் நிறுவனங்களுக்கும் கட்டாயமில்லை. இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இதுதான் என்பது எங்கள் கருத்து.

தனிநபர் சொந்தத் தேவைக்கு வாங்கிய மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. வேறு வங்கிக்கு மாற்றினாலும் கிடையாது. கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. இந்த விதி 2023 டிசம்பர் 1-லிருந்து அமலில் இருக்கிறது. வீட்டு வசதி நிதி நிறுவனங்களும் ரிசர்வ் வங்கிப் பதிவுள்ள பைனான்ஸ் நிறுவனங்களும் இதற்குக் கட்டுப்பட்டவைதான்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலில் வருவது கைப்பணம். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம் என்பதுதான் உச்சவரம்பு. பத்திரச் செலவு பொதுவாக அந்த மதிப்பில் சேராது. 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 32 லட்சம் தரும். மீதி 8 லட்சம் உங்களுடையது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3.6 லட்சம். மொத்தம் 11.6 லட்சம் கையில் வேண்டும். பத்திரத்தில் மதிப்பைக் குறைத்து எழுதினால் தீர்வை மிச்சம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: வங்கி பத்திர மதிப்பைப் பார்த்துத்தான் கடனை நிர்ணயிக்கும், எனவே கடன் சுருங்கும், கைப்பணத் தேவை பெருகும்.

இந்தக் கைப்பண ஓட்டை வழியாகத்தான் கொடூர வட்டி பல வீடுகளுக்குள் நுழைகிறது. பெரிய கடன் ஒழுங்கான வங்கியில் இருக்கும். 5 லட்சம் மட்டும் மூன்று வட்டிக்கு வெளியே வாங்கியிருப்பார்கள். மாதம் 15,000 வட்டிக்கே போய்விடும், வங்கித் தவணை தடுமாற ஆரம்பிக்கும். துண்டு விழும் தொகை சின்னது என்றால் வங்கியில் நகைக்கடன் வாங்குவது இதைவிட எவ்வளவோ மேல். அதிகபட்சம் போவது நகை, வீடு போகாது.

இரண்டாவது, காப்பீடு. கடனோடு சேர்த்து ஒரே தவணைக் காப்பீட்டைத் தலையில் கட்டி, அதன் பிரீமியத்தையும் கடனிலேயே ஏற்றிவிடுவார்கள். 75,000 ரூபாய் பிரீமியம் 9 சதவீத வட்டியில் இருபது வருடக் கடனோடு சேர்ந்தால் மாதம் சுமார் 675 ரூபாய். முடியும்போது நீங்கள் அதற்குக் கட்டியிருப்பது ஏறக்குறைய 1.62 லட்சம். குடும்பத்துக்குப் பாதுகாப்பு தேவைதான், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அவர்கள் காட்டும் நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தனியாக ஒரு டெர்ம் காப்பீடு எடுத்து அதன் நகலைக் கொடுங்கள்.

மூன்றாவது, எம்ஓடி எனப்படும் பத்திர ஒப்படைப்பு ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியும் செலவு. கடன் தொகையைப் பொறுத்துச் சில ஆயிரங்களிலிருந்து முப்பதாயிரத்துக்கு மேலும் போகும்.

யாருக்குப் பொருத்தம்: பத்திரம் சுத்தமாக உள்ளவர்கள், சம்பளச் சான்றோ மூன்று வருட வருமான வரிக் கணக்கோ காட்ட முடிந்தவர்கள், ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க முடிந்தவர்கள். இந்த மூன்றும் இருந்தும் வேறு இடம் தேடுவதற்கு நியாயமே இல்லை.

## வீட்டு வசதி நிதி நிறுவனம்

வீட்டுக் கடன் மட்டுமே முதன்மைத் தொழிலாக உள்ள நிறுவனங்கள் இவை. 2019 ஆகஸ்டிலிருந்து இவற்றை ஒழுங்குபடுத்துவது ரிசர்வ் வங்கி. மேற்பார்வை தேசிய வீட்டு வசதி வங்கியிடம் தொடர்கிறது. பெரிய நிறுவனங்களின் வட்டி வங்கியை ஒட்டியே இருக்கும். குறைந்த வருமானக்காரர்களைக் குறிவைத்து மாவட்டத் தலைநகர்களிலும் தாலுகா ஊர்களிலும் கிளை திறக்கும் நிறுவனங்களில் வட்டி மூன்று, நான்கு சதவீதம் கூடுதலாகப் போவது சாதாரணம்.

கூடுதலாக வாங்குவதற்குக் கைமாறாக அவர்கள் ஒன்றைத் தருகிறார்கள்: சம்பளச் சீட்டு இல்லாதவரின் வருமானத்தை நேரில் வந்து கணக்கிடுவார்கள். மளிகைக் கடைக்காரர், டெய்லர், லோடு வண்டி வைத்திருப்பவர், பால் வியாபாரி இவர்களுக்கு வங்கி மேலாளர் கைவிரிக்கும் இடத்தில் இந்த நிறுவனம் கடையில் உட்கார்ந்து ஒரு நாள் விற்றுமுதலைப் பார்த்துவிட்டுக் கடன் தரும். கிராம நத்தம் பட்டா உள்ள மனைக்கும் சில நிறுவனங்கள் தருகின்றன. அந்தச் சேவைக்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பதில் தவறில்லை. எவ்வளவு காலம் கொடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

25 லட்சம், இருபது வருடம் என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். 8.5 சதவீதத்தில் மாதத் தவணை 21,696 ரூபாய், மொத்த வட்டி சுமார் 27 லட்சம். 13 சதவீதத்தில் தவணை 29,289 ரூபாய், மொத்த வட்டி 45 லட்சத்துக்கு மேல். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகு நிலைமை என்ன? 13 சதவீதக்காரர் ஏழு லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பார். அசலில் குறைந்திருப்பது 60,000 மட்டுமே, பாக்கி 24.4 லட்சம். அந்த நிலையில் 9 சதவீத வங்கிக்கு மீதி 18 வருடத்துக்கு மாற்றினால் தவணை சுமார் 22,850 ஆகும். மாதம் 6,400 ரூபாய் மிச்சம். மாற்றுவதற்கான பிராசஸிங், லீகல், புதிய எம்ஓடி எல்லாம் சேர்ந்து ஆகும் செலவு சில மாதங்களிலேயே திரும்பி வந்துவிடும்.

எனவே இந்தக் கடனை வாங்கும்போதே மாற்றும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 12 முதல் 18 மாதம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டுங்கள். தவணை பிடிக்கும் கணக்கிலேயே வியாபார வரவையும் போட்டு வாருங்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யத் தொடங்குங்கள். இவை மூன்றும் சேர்ந்தால் முதலில் கைவிரித்த வங்கியே கடனை எடுத்துக்கொள்ள முன்வரும்.

இங்கே மறைந்திருக்கும் செலவு, வட்டி இறங்காமல் நிற்பது. நிறுவனம் தன் சொந்த அடிப்படை விகிதத்தை வைத்து வட்டி போடுவதால், புதிதாக வருகிறவருக்கு ஒரு விகிதம், பழையவருக்கு ஒரு விகிதம் என்று இருக்கும். எழுதிக் கேட்டு, கன்வர்ஷன் கட்டணம் கட்டினால்தான் பழையவருக்குக் குறையும். வருடம் ஒருமுறை கேட்டே ஆக வேண்டும். கேட்காதவர் கூடுதல் வட்டியைச் சத்தமில்லாமல் கட்டிக்கொண்டிருப்பார். வட்டி ஏறும்போதும் கவனம் வேண்டும். தவணையைக் கூட்டாமல் வருடங்களை நீட்டிவிடுவார்கள், 20 வருடம் 27 வருடமாகியிருக்கும். தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டிலும் கொஞ்சமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

யாருக்குப் பொருத்தம்: வருமானம் உண்மையாக இருந்தும் காகிதத்தில் காட்ட முடியாதவர்களுக்கு, இரண்டு வருட இடைக்கால ஏற்பாடாக.

## பைனான்ஸ் நிறுவனத்தின் சொத்து அடமானக் கடன்

ஏற்கெனவே உள்ள வீட்டையோ மனையையோ வைத்துப் பணம் வாங்குவது இது. கட்டிடம் பாதியில் நிற்கும்போதும் மகள் கல்யாணத்துக்கும் இங்கே போகிறார்கள். முதல் வேலை, நிறுவனம் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றதா என்று பார்ப்பது. பதிவுள்ள நிறுவனங்களின் பட்டியல் ரிசர்வ் வங்கித் தளத்தில் இருக்கிறது. போர்டில் 'பைனான்ஸ்' என்று எழுதியிருப்பதால் பதிவு இருப்பதாக ஆகாது.

ஏமாறும் இடங்கள் மூன்று. ஒன்று, வாயால் சொல்லும் வட்டி. "வருஷத்துக்கு 12 பர்சென்ட்தான்" என்பார்கள், அது ஃபிளாட் வட்டியாக இருக்கும், அதாவது அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி. 5 லட்சம், பத்து வருடம், ஃபிளாட் 12 சதவீதம் என்றால் வட்டி 6 லட்சம், மாதத் தவணை 9,167 ரூபாய். குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் இது சுமார் 18.5 சதவீதம். வங்கியின் 9 சதவீதத்தோடு ஒப்பிட வேண்டியது இந்த 18.5-ஐத்தான், 12-ஐ அல்ல. கேஎஃப்எஸ் தாளில் ஏபிஆர் கட்டத்தைப் பார்த்தால் இந்த மறைப்பு வெளுத்துவிடும்.

இரண்டு, கடனின் நோக்கம். வீட்டு வேலைக்குக் கேட்ட கடனைப் படிவத்தில் 'தொழில் விரிவாக்கம்' என்று எழுதிவிடுவார்கள். ஏஜென்ட்டுக்கு அது வேகமாக முடியும் வழி. முன்கூட்டி அடைக்க அபராதமில்லை என்ற பாதுகாப்பு சொந்தத் தேவைக்கான மாறும் வட்டிக் கடனுக்குத்தான் ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்கிறது. நோக்கம் மாறினாலோ நிலையான வட்டி என்று எழுதினாலோ அடைக்கும்போது சதவீதக் கணக்கில் கட்டணம் கேட்க வழி திறக்கலாம். படிவத்தில் நோக்கம் என்ற கட்டத்தை நீங்களே நிரப்புங்கள்.

மூன்று, டாப்-அப். இரண்டு தவணை தவறியதும் "இன்னும் ரெண்டு லட்சம் தர்றோம், பழைய பாக்கியைக் கழிச்சுக்கலாம்" என்பார்கள். பாக்கியும் அபராதமும் புது பிராசஸிங் கட்டணமும் சேர்ந்து அசலாகிவிடும். வீட்டில் உங்களுக்கு மிச்சமிருக்கும் பங்கு இப்படித்தான் கரைகிறது. தாமதத்துக்கு அபராதக் கட்டணம் போடலாம், ஆனால் அதை அசலோடு சேர்த்து அதன் மேல் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. டாப்-அப் அந்த விதியைச் சுற்றிப் போகும் பாதையாக மாறிவிடக் கூடாது.

யாருக்குப் பொருத்தம்: பணம் எங்கிருந்து எப்போது வரும் என்று உறுதியாகத் தெரிந்து, குறுகிய காலத்துக்கு மட்டும் வாங்குகிறவர்களுக்கு. புதிதாக வீடு வாங்க இந்தக் கடன் ஏற்றதல்ல.

## தனியார் வட்டி

இரண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். 25 லட்சத்துக்கு மாதம் 50,000 வட்டிக்கே போகும், அசலில் ஒரு ரூபாய் குறையாது. இருந்தாலும் இதில் வட்டியைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது: ஆவணம்.

முறையான அடமானம் என்றால் பதிவு செய்த அடமானப் பத்திரம் இருக்கும். சொத்து உங்கள் பெயரிலேயே நிற்கும்; பணத்தைக் கட்டி மீட்கும் உரிமையைச் சட்டம் காக்கிறது. ஆனால் கடன் கொடுக்கும் தனியார் பலர் கேட்பது அதுவல்ல. கிரயப் பத்திரம், அல்லது கிரய ஒப்பந்தம், அல்லது விற்கும் அதிகாரத்தோடு பொது அதிகாரப் பத்திரம். இவற்றோடு தொகை நிரப்பாத காசோலைகள், வெற்றுப் புரோநோட்டு, வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து.

கிரயம் எழுதிக் கொடுத்த அன்றே சட்டப்படி வீடு அவருடையது. "திருப்பி எழுதித் தருவேன்" என்பது வெறும் வாய்ச்சொல். தனித் தாளில் எழுதி வாங்கினாலும் பெரிதாகப் பயன்படாது. சொத்து மாற்றுச் சட்டம் 58-வது பிரிவின்படி, திருப்பித் தரும் நிபந்தனை அந்தக் கிரயப் பத்திரத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால்தான் அது நிபந்தனைக் கிரய அடமானமாகக் கருதப்படும். பத்திர எழுத்தர் "அதெல்லாம் உள்ளே போட வேண்டாம், சிக்கலாகும்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சிக்கல் உங்களுக்கில்லை, கடன் கொடுப்பவருக்குத்தான்.

வங்கியிலோ பதிவுள்ள நிறுவனத்திலோ தவணை தவறினால் ஒரு பாதை இருக்கிறது. 90 நாள் பாக்கியானால் வராக்கடன். பிறகு, ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே கைப்பற்ற வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். சுவாதீன நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையீடு. சென்னை, கோவை, மதுரை மூன்று இடங்களிலும் தீர்ப்பாயம் இருக்கிறது. கிரயம் எழுதி வாங்கிய தனியாருக்கு இந்தப் படிகள் எதுவும் தேவையில்லை. வீட்டைக் காலி செய் என்று நேராக வந்து நிற்பார்.

தமிழ்நாட்டில் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தினவட்டி, தண்டல் ஆகியவை 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை. மூன்று வருடம் வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இந்தச் சட்டம் கைகொடுக்க வேண்டுமானால் நீங்கள் கட்டிய வட்டிக்குச் சான்று வேண்டும். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காதவரிடம் சான்று இருக்காது.

யாருக்குப் பொருத்தம்: வீட்டை ஈடாக வைக்கும் எந்தக் கடனுக்கும் இது பொருத்தமில்லை. வேறு வழியே இல்லாமல் உறவினரிடமோ தெரிந்தவரிடமோ வாங்கினால் கிரயமோ பவரோ எழுதாமல் அடமானப் பத்திரமாக மட்டும் பதியுங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாயும் வங்கிக் கணக்கு வழியாகவே போகட்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வணிக வங்கி | வீட்டு வசதி நிதி நிறுவனம் | பைனான்ஸ் அடமானக் கடன் | தனியார் வட்டி |
|---|---|---|---|---|
| வட்டி எதைச் சார்ந்தது | ரெப்போ போன்ற வெளி அளவுகோல் | நிறுவனத்தின் சொந்த விகிதம் | நிறுவனத்தின் சொந்த விகிதம். ஃபிளாட்டா என்று பார்க்கவும் | கொடுப்பவர் சொல்வது |
| முன்கூட்டி அடைக்க | மாறும் வட்டிக்கு அபராதம் இல்லை | மாறும் வட்டிக்கு அபராதம் இல்லை | நோக்கத்தையும் வட்டி வகையையும் பொறுத்தது | கொடுப்பவர் மனதைப் பொறுத்தது |
| வேறிடத்துக்கு மாற்ற | எளிது | எளிது, மாற்றவும் வேண்டும் | முடியும், ஆவணம் சரியாக இருந்தால் | கிரயம் எழுதியிருந்தால் முடியாது |
| ஆவணக் கெடுபிடி | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு | இல்லை |
| பணம் வரும் வேகம் | 6–8 வாரம் | 2–4 வாரம் | 1–2 வாரம் | அன்றே |
| தவணை தவறினால் | நோட்டீஸ், தீர்ப்பாயம் | நோட்டீஸ், தீர்ப்பாயம் | கடன் அளவைப் பொறுத்துத் தீர்ப்பாயம் அல்லது நீதிமன்றம் | மிரட்டல், நேரடி வெளியேற்றம் |

வேகத்துக்குக் கொடுத்திருக்கும் வாரக் கணக்கு தோராயமானது. பத்திரத்தில் ஒரு கேள்வி எழுந்தால் எல்லாமே நீளும். கீழிருந்து மூன்றாவது வரிசையையும் அதன் மேலுள்ள இரண்டு வரிசைகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புலப்படும்: கெடுபிடி குறையக் குறைய வெளியே வரும் வழியும் குறுகிக்கொண்டே போகிறது.

## ஐந்தாவது வழி: மூன்று மாதம் தள்ளிப் போடுவது

வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான காரணங்களுக்குச் செலவு குறைந்த மருந்து இருக்கிறது.

பட்டா பழைய பெயரில் இருந்தால் பெயர் மாற்றத்துக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வில்லங்கச் சான்றில் முடிந்துபோன பழைய அடமானம் இன்னும் நின்றால், விற்பவரிடம் சொல்லி, கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீது ஆவணம் பதியச் செய்யுங்கள்; அது அவர் வேலை, அவர் செலவு. தாய்ப்பத்திரம் காணவில்லை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து சான்றிட்ட நகலும் காவல்துறையின் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும் பல வங்கிகளில் ஏற்கப்படும். அப்ரூவல் இல்லாத மனை என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு அரசு கொண்டுவந்த வரன்முறைத் திட்டத்தில் அந்த மனை வரன்முறையாகியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆகியிருக்காவிட்டால், விலை மலிவாக இருப்பதன் காரணம் அதுதான்.

பழைய கடன்களைக் கட்டிய விதத்துக்கான மதிப்பெண்ணான சிபில் ஸ்கோர்தான் தடை என்றால், ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அடைத்த கடன் இன்னும் பாக்கி என்று காட்டினால் திருத்தக் கோருங்கள்.

இந்த இடைவெளியில் பிரதமர் ஆவாஸ் யோஜனா நகர்ப்புறம் 2.0 திட்டத்தின் வட்டி மானியம் உங்களுக்குக் கிடைக்குமா என்றும் பார்த்துவிடலாம். குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லை, வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் என்றால் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம் ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில் வரும். தனியாரிடம் வாங்கிய கடனுக்கு இது கிடைக்காது.

தள்ளிப்போட முடியாமல் செய்வது கிரய ஒப்பந்தத்தின் கெடுதான். எனவே இன்னும் ஒப்பந்தம் போடாதவர்கள் கையெழுத்துப் போடும் முன் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: ஆவணக் குறையால் வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும், கெடு மூன்று மாதமல்ல, ஆறு மாதம். இதற்கு மறுக்கும் விற்பனையாளருக்குத் தன் பத்திரத்தின் மேல் நம்பிக்கையில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

## யாரிடம் ஆலோசனை கேட்பது

கடன் வாங்கித் தரும் ஏஜென்ட் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்குக் கமிஷன் தருவது கடன் கொடுக்கும் நிறுவனம். பெரிய கடனுக்குப் பெரிய கமிஷன். வங்கிப் பேனல் வழக்கறிஞர் பார்ப்பதும் வங்கிப் பணத்தின் பாதுகாப்பை. உங்களுக்காக மட்டும் பார்க்க ஒருவர் வேண்டும். சில ஆயிரம் ரூபாய் கொடுத்து, விற்பவருக்கோ ஏஜென்ட்டுக்கோ தொடர்பில்லாத சிவில் வழக்கறிஞர் ஒருவரிடம் 30 வருட வில்லங்கச் சான்றையும் பத்திரங்களையும் காட்டுங்கள்.

பணம் இல்லாதவர்களுக்கு இலவச வழிகள் இரண்டு. மாவட்டத்தின் முன்னோடி வங்கி நடத்தும் நிதி எழுத்தறிவு மையத்தில் கடன் பற்றி ஆலோசனை கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் உதவி கிடைக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே கிடையாது. தொலைபேசி எண் 15100. மனைவி பெயரில் சொத்து வாங்கும் குடும்பங்களுக்கு இது நேரடியாக உதவும்.

## ஏற்கெனவே சிக்கியிருந்தால்

பதிவுள்ள நிறுவனத்தோடுதான் பிரச்சினை என்றால், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் வங்கிக்கும் பைனான்ஸ் நிறுவனத்துக்கும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், உதவி எண் 14448. வீட்டு வசதி நிதி நிறுவனமானால் தேசிய வீட்டு வசதி வங்கியின் கிரிட்ஸ் என்ற புகார் தளம். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. அழைத்த நேரங்களைக் குறித்து வைத்தால் புகாருக்குப் பயன்படும்.

தவணை தவறப்போகிறது என்று தெரிந்த உடனே, நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரக் கேளுங்கள். கணக்கு வராக்கடன் ஆவதற்கு முன் கேட்பவருக்குக் கதவு திறந்திருக்கும். 60 நாள் நோட்டீஸ் வந்துவிட்டால் அதற்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். 15 நாளுக்குள் பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். "செட்டில்மென்ட் முடிச்சுத் தர்றேன், முதல்ல இருபதாயிரம் கொடுங்க" என்று வரும் இடைத்தரகரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். அந்தப் பேச்சுவார்த்தையைக் கிளையில் நீங்களே நடத்தலாம்.

தனியாரிடம் கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் நாள் கடத்தாதீர்கள். ஆவணத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்குக் காலவரம்பு மூன்று வருடம். வட்டி கட்டிய வங்கிப் பரிவர்த்தனைகள், வாட்ஸ்ஆப் செய்திகள், கிரயத்துக்குப் பிறகும் அதே வீட்டில் நீங்கள் குடியிருந்ததைக் காட்டும் மின்கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் திரட்டுங்கள். சந்தை மதிப்பைவிட மிகக் குறைந்த தொகைக்குக் கிரயம் நடந்திருந்தால் அந்த வேறுபாடும் அது கடன்தான் என்று வாதிட உதவும். வழக்கறிஞரைப் பார்த்த கையோடு, அந்தச் சொத்தின் வில்லங்கச் சான்றை மாதம் ஒருமுறை பதிவுத் துறை இணையதளத்தில் பார்த்துவாருங்கள். அவர் மூன்றாம் நபருக்கு விற்க முயன்றால் அங்கேதான் முதலில் தெரியும்.